தேர்ந்தெடுக்கப்பட்டவள் சரி, தேர்ந்தெடுத்தது யார்?

ஒருவர் கேட்டிருப்பது இது. பாதி எழுதிய நாவல் ஒன்று கையில் இருக்கிறது. பதினாறு வயதுப் பெண், பிறக்கும்போதே மணிக்கட்டில் ஒரு தழும்பு; சின்ன வயதிலிருந்தே அம்மா அதன்மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிடுவாள். அந்தத் தழும்பைப் பற்றிப் பழைய ஏடு ஒன்றில் நான்கு வரி இருக்கிறது: ஊரை விழுங்க வரும் இருட்டை இந்த அடையாளம் உள்ளவள் ஒருத்தியால்தான் தடுக்க முடியும். படித்துப் பார்த்த நண்பர்கள், 'தேர்ந்தெடுக்கப்பட்டவன்' கதையெல்லாம் அரதப் பழசு, தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டார்கள். தூக்கிப் போடவா? அப்புறம், இதே சங்கதி பேய்க்கதையில் வரும்போது மட்டும் ஏன் யாரும் முகம் சுளிப்பதில்லை?

பழசா புதுசா என்று கேட்பது போலத் தெரிந்தாலும், நீங்கள் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். யார் ஜெயிப்பார் என்று பத்தாம் பக்கத்திலேயே ஏடு சொல்லிவிட்டால், மீதி முந்நூறு பக்கத்தை ஒருவர் எதற்காகப் படிக்க வேண்டும்? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதும் நாவல்களைப் படித்து, வெட்டி, திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. மாயாஜாலக் கதையான ஃபேன்டசியும் பேய்க்கதையான ஹாரரும்தான் அதிகம் வரும். திரைக்கதைப் பக்கம் போனதில்லை, அதனால் படங்களைப் பற்றிச் சொல்வதை ஒரு பார்வையாளன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வருவதில் கொஞ்சம் உறுதியாகத் தெரிந்தது, மீதி படித்துப் படித்து ஏற்பட்ட அபிப்பிராயம். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். பழசு என்பது ஒரு குற்றச்சாட்டே ஆகாது. கம்சனுக்கு அசரீரி கேட்டது இதே கதைதான், கிரேக்கத்தில் லாயஸ் மன்னன் பிறந்த குழந்தையை மலையில் போட்டுவிட்டு வரச் சொன்னதும் இதே கதைதான். 1909இல் உளவியலாளர் ஓட்டோ ராங்க் நாயகர்களின் பிறப்புக் கதைகளை எல்லாம் சேர்த்து வைத்து ஒரு புத்தகம் போட்டார். 1936இல் ராக்லன் பிரபு 22 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு புராண நாயகனுக்கும் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மார்க்கே போட்டார். 1949இல் புராணங்களை ஆராய்ந்த ஜோசப் கேம்பெல் எல்லாவற்றையும் ஒரே பயணமாகச் சுருக்கினார். இந்த மூன்று பேரையும் காட்டி, இது மனித மனத்தின் ஆதி வடிவம், அதனால் எப்போதும் வேலை செய்யும் என்று வாதாடுபவர்கள் உண்டு. அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. பொருந்துகிற கதைகளாகப் பொறுக்கி எடுத்துவிட்டு எல்லாம் பொருந்துகிறது பார் என்று சொல்வதாக நாட்டார் கதைகளை ஆராய்பவர்கள் பலர் கேம்பெல்மீது குறை சொல்லியிருக்கிறார்கள், அந்தக் குறை நியாயமானது. நிறையப் பேர் நிறைய இடங்களில் சொன்ன கதை என்பது சரி, அதனாலேயே நல்ல கதை என்று ஆகிவிடாது. உங்கள் நண்பர்களின் 'பழசு', கேம்பெல் பக்தர்களின் 'ஆதி' இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிடலாம்.

எழுதுகிறவர்கள் இதை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்குப் பட்டறைக் காரணம் ஒன்று இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஃபேன்டசியில் வாசகர் மனத்தில் முதலில் எழும் சந்தேகம், ஏன் இவன்? படை இருக்கிறது, அரசன் இருக்கிறான், முந்நூறு வயது மந்திரவாதி இருக்கிறார், இந்த ஒன்றும் தெரியாத பையனை ஏன் அனுப்புகிறார்கள்? ஏடு அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறது. ஹாரரில் எழும் சந்தேகம் வேறு: இவள் ஏன் அந்த வீட்டை விட்டு ஓடவில்லை? அதற்கும் இதே பதில்தான் வேலை செய்யும். பேய்க்கு வேண்டியது வீடு இல்லை, இவள். ஓடினால் கூடவே வரும். ஆக, இரண்டு கதைவகைகளின் இரண்டு பெரிய ஓட்டைகளையும் ஒரே ஆணியால் அடைக்க முடிகிறது. மலிவான ஆணிதான். ஆனால் பிடிக்கிறது.

பிரச்சினை ஆணி அடித்த பிறகுதான் ஆரம்பிக்கும். சில வருடம் முன்பு என்னிடம் ஒரு பிரதி வந்தது. படகோட்டியின் மகன், கடன்காரர்களிடம் வாய் கூசாமல் பொய் சொல்கிறவன், ஒரு பொய்யை மறைக்க அடுத்த பொய் என்று முதல் அறுபது பக்கம் பிரமாதமாக ஓடியது. அறுபத்தோராம் பக்கத்தில் சாகக் கிடக்கும் கிழவர் ஒருவர் பெட்டியைத் திறந்து ஒரு செப்புத் தகட்டை எடுத்துக் கொடுக்கிறார், அதில் பையனின் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்குப் படிக்கவே முடியவில்லை, காரணமும் உடனே பிடிபடவில்லை. எழுத்து நடை மாறவில்லை, வேகமும் குறையவில்லை. கடைசியில் பென்சிலை எடுத்து வாக்கியங்களை அடிக்கோடிட ஆரம்பித்தேன். அறுபதாம் பக்கம் வரை 'அவன் சொன்னான், அவன் ஒளித்தான், அவன் திரும்பிப் போனான்'. அறுபத்தொன்றிலிருந்து 'அவனுக்குச் சொன்னார்கள், அவனை அழைத்துப் போனார்கள், அவனிடம் வாளைக் கொடுத்தார்கள்'. எழுவாயாக இருந்த பையன் தகடு கிடைத்த நாளிலிருந்து செயப்படுபொருள் ஆகிவிட்டான். அவனுக்குப் பெரிய பதவி கிடைத்தது, வினைச்சொற்கள் எல்லாம் பறிபோயின. எழுதியவரிடம் தகட்டை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடிக்கோடிட்ட பக்கங்களை மட்டும் அனுப்பினேன். அடுத்த வடிவத்தில் தகடு அப்படியே இருந்தது. பையன் அதைக் கடன் அடைக்க விற்கப் போகிறான், எடைக்கு வாங்க வந்தவன் எழுத்தைப் படித்துவிட்டு முகம் வெளுக்கிறான். அவ்வளவுதான் மாற்றம், கதை எழுந்து உட்கார்ந்துவிட்டது.

இதே விஷயத்தைப் பெரிய கை ஒன்று எப்படிச் செய்திருக்கிறது என்று பார்க்க, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனிடம் போகலாம். தீய சக்தி கொண்ட மோதிரத்தை அழிக்க யார் போவது என்று எல்ராண்ட் என்ற பெரியவரின் வீட்டில் கூடிப் பேசும் அத்தியாயம். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் போவது என்ற கேள்வி வந்ததும் யாரும் வாய் திறக்கவில்லை, நண்பகல் மணி அடித்து ஓய்கிறது, தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மோதிரத்தை அதுவரை சுமந்து வந்த சின்ன உருவக்காரன் ஃப்ரோடோவுக்கு அங்கேயே ஓய்வாக இருந்துவிட வேண்டும் என்ற ஆசை நெஞ்சை அடைக்கிறது. அப்புறம் நான் கொண்டுபோகிறேன் என்று சொல்கிறான், அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருக்கிறது. இந்த வேலை உனக்கென்றே விதிக்கப்பட்டது என்று எல்ராண்ட் சொல்வது அதற்குப் பிறகு. வரிசையைக் கவனியுங்கள். அவன் சம்மதம் முதலில், விதி பின்னால். இந்த இரண்டு பேச்சையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதே சொற்கள்தான், ஆனால் ஒரு சின்ன ஆளைப் பெரியவர்கள் கூட்டமாகச் சேர்ந்து தலையில் கட்டிவிட்ட கதை ஆகிவிடும். அத்தோடு முடிவில் ஃப்ரோடோ தோற்கவும் செய்கிறான், எரிமலை விளிம்பில் நின்று மோதிரத்தைத் தனக்கே என்று எடுத்துக்கொள்கிறான். விதித்திருந்தது உண்மை, ஆனால் ஜெயிப்பான் என்று யாரும் விதிக்கவில்லை.

சரி, இப்போது என் கட்சி. இது நிரூபிக்கக்கூடிய விஷயம் இல்லை, என் வாசிப்பு. இந்தக் கதைகளில் நாம் எல்லோரும் தேர்ந்தெடுக்கப்பட்டவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தகுதியானவனா, சலிப்பூட்டுகிறானா, இன்னொரு அனாதைப் பையனா என்று. பார்க்க வேண்டிய ஆள் அவனில்லை, அவனைத் தேர்ந்தெடுத்தவர். யார் அவர், இதில் அவருக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற கதைகள் அறுநூறு வருடப் பழசாக இருந்தாலும் உயிரோடு இருக்கின்றன. 'விதி', 'பிரபஞ்சம்', 'முன்னோர்கள்' என்று பொதுவாகக் கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும் கதைகள்தான் செத்துப் போகின்றன.

ஹாரி பாட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லனை வீழ்த்தக்கூடியவன் ஒருவன் பிறப்பான் என்ற ஆருடம் 2003இல் வந்த ஐந்தாம் புத்தகத்தில்தான் முழுசாக வெளிப்படுகிறது. ஏழாம் மாதம் முடியும் நேரத்தில் பிறந்தவன் என்பது ஹாரிக்கும் பொருந்தும், அவன் வகுப்புத் தோழன் நெவிலுக்கும் பொருந்தும். ஆருடத்தில் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, இவன்தான் என்று முடிவு கட்டிப் போய்த் தாக்கியது வில்லன். நாயகனைத் தேர்ந்தெடுத்ததே எதிரி. டியூனில் இன்னும் குரூரம். ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதிய அந்த நாவலில், பாலைவன மக்கள் காத்திருக்கும் மீட்பன் பற்றிய நம்பிக்கையே பல தலைமுறைக்கு முன்னால் ஒரு பெண் துறவியர் அமைப்பு விதைத்துவிட்டுப் போனது. என்றைக்காவது தங்கள் ஆள் ஒருவர் அங்கே மாட்டிக்கொண்டால் பிழைத்துக்கொள்ள உதவட்டுமே என்று. பால் (Paul) என்ற நாயகன் அதைப் பயன்படுத்தித்தான் பிழைக்கிறான், எழுகிறான், ஜெயிக்கிறான். 1969இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் பெயரால் நடந்த புனிதப் போரில் செத்தவர்கள் 6,100 கோடி என்று அவனே கணக்குச் சொல்கிறான். கவர்ச்சியான தலைவனை நம்பாதே என்பதற்காகவே எழுதிய கதை. இருந்தாலும் முதல் பாகத்தைப் படித்துவிட்டுப் பாலுக்குக் கைதட்டியவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது, அதில் நானும் ஒருவன், பதினெட்டு வயதில்.

ஆனால் தேர்ந்தெடுத்தவரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் காட்சி என்றால் எனக்குக் கர்ணன்தான். தூது முடிந்து கிளம்பும்போது கிருஷ்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சொல்கிறான்: நீ குந்தியின் மூத்த மகன், வா, முடி உனக்கு, ஐந்து பேரும் உன் காலில் விழுவார்கள். உலகத்தில் உள்ள அத்தனை ரகசிய ராஜகுமாரன் கதைகளும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் முந்நூறு பக்கம் காத்திருக்கும், கேட்டதும் நாயகன் நிமிர்ந்து நிற்பான். கர்ணன் வேண்டாம் என்கிறான். எடுத்து வளர்த்த ராதையைச் சொல்கிறான், துரியோதனன் நட்பைச் சொல்கிறான். அப்புறம் ஒரு வேண்டுகோள் வைக்கிறான், அதுதான் என்னை ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடும்: இதைத் தருமனிடம் சொல்லிவிடாதே, தெரிந்தால் அவன் ராஜ்யத்தை எனக்குக் கொடுத்துவிடுவான், நான் அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன். சேதி உண்மைதான் என்று அவனுக்குத் தெரியும், அது ஏன் இத்தனை வருடம் கழித்து, போருக்கு முன்னால், இந்த வாயிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். பிறப்பு வெளிப்பட்ட பிறகும் ஒருவன் எழுவாயாகவே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

ஹாரர் கேள்விக்கு வருகிறேன். அங்கே யாரும் முகம் சுளிக்காததற்குக் காரணம், ஹாரர் அந்த 'யார், எதற்கு' என்ற கேள்வியை விடவே விடாது. ஃபேன்டசி தேர்ந்தெடுத்தவரை நம்பச் சொல்கிறது, ஹாரர் சந்தேகப்படச் சொல்கிறது. மற்றபடி கதை அதே கதைதான். அமெரிக்க ஹாரர் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் எழுதி 1936இல் வெளிவந்த இன்ஸ்மவுத் கதையை எடுத்துப் பாருங்கள். சும்மா ஊர் சுற்ற வந்த இளைஞன் ஒரு பாழடைந்த துறைமுகத்தில் விகாரமான ஜனங்களைப் பார்த்து உயிர் பிழைத்து ஓடி வருகிறான், பிறகு தன் குடும்ப வரலாற்றைத் தேடப் போய், தானும் அந்த ரத்தம்தான் என்று கண்டுபிடிக்கிறான். கடலுக்கடியில் அரண்மனை காத்திருக்கிறது, பாட்டி காத்திருக்கிறாள், சாவே கிடையாது. சாதாரணன் என்று நினைத்திருந்தவன் ராஜவம்சம் என்று தெரியவரும் கதை, ஒரு மயிரிழைகூட மாறவில்லை. ஒரே வித்தியாசம், அந்த வம்சத்துக்குச் செவுள் இருக்கிறது. (லவ்கிராஃப்டின் அந்த பயத்துக்குப் பின்னால் இருந்த இனவெறியும் தெரிந்ததுதான், அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைப் புகழக் கூடாது.)

1973இல் வந்த தி விக்கர் மேன் படம் இன்னும் துல்லியம். காணாமல்போன சிறுமியைத் தேடித் தீவுக்கு வரும் காவல் அதிகாரி, தான் வேட்டைக்காரன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குகிறார். விளைச்சல் பொய்த்துப்போன தீவு அது, பலி வேண்டும். பலிக்கு வேண்டியவர் தானாக வந்தவராக இருக்க வேண்டும், அரசனின் அதிகாரம் தாங்கியவராக, பெண் தொடாதவராக, முட்டாளாக இருக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் இந்த நான்கு தகுதியும் அவருக்கு எடுத்துச் சொல்லப்படும்போது நமக்கு வயிற்றைப் பிசைவதற்குக் காரணம் தீ அல்ல. அவர் தன் கடமை என்று நினைத்து எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும், தன் நேர்மை என்று நினைத்துக் காத்துக்கொண்டதும், எல்லாமே விண்ணப்பப் படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

தமிழில் இந்த இரண்டு வகையும் ஒட்டிப் பிறந்த இடம் அரவான் கதை. போருக்கு முன்னால் களப்பலி கொடுக்க வேண்டும், அதற்கு 32 லட்சணமும் பொருந்திய ஆண் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கிருஷ்ணன், அர்ச்சுனன், அர்ச்சுனனின் மகன் அரவான். முதல் இருவரும் போருக்கு வேண்டியவர்கள். லட்சணம் என்பது நாயகனுக்குரிய அடையாளம்தானே, வேறு கதையாக இருந்தால் அந்த 32ஐயும் பார்த்து முடிசூட்டியிருப்பார்கள். இங்கே அதே அடையாளத்தைப் பார்த்துக் கத்தியைத் தீட்டுகிறார்கள். உங்கள் பெண்ணின் மணிக்கட்டுத் தழும்பைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான். அடையாளம் போட்ட ஆடு என்றும் ஒன்று உண்டல்லவா.

ஹாரரில் இன்னொரு வகை இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். கொலைகாரன் துரத்தும் படங்களில் கடைசியில் மிஞ்சும் பெண்ணுக்கு 'கடைசிப் பெண்' என்று 1987இல் திரைப்பட ஆய்வாளர் கேரல் குளோவர் பெயர் வைத்தார். அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவர்கள் கவனிக்காததை அவள் கவனிக்கிறாள், அதனால் தப்புகிறாள். அதன் பயம் வேறு மாதிரி, இந்தப் பேச்சில் சேராது.

இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக் காட்டியது 1997 முதல் 2003 வரை வந்த பஃபி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரே ஒரு பெண், ரத்தக்காட்டேரிகளைக் கொல்ல. முதல் சீசன் கடைசி அத்தியாயத்தில், நாளைக்கு அவள் சாவாள் என்று ஏட்டில் இருப்பதைப் பெரியவர்கள் கிசுகிசுப்பது அவள் காதில் விழுகிறது. அவள் சிரிக்கிறாள், முதலில். அப்புறம் எனக்கு இந்த வேலை வேண்டாம் என்கிறாள், புத்தகங்களைத் தூக்கி எறிகிறாள், எனக்குப் பதினாறு வயதுதான், சாக விருப்பமில்லை என்கிறாள். இந்த ஒரு காட்சிக்கு முன்னால் எத்தனையோ தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகர்களின் மறுப்பு வெறும் சம்பிரதாயமாகத் தெரிகிறது; கல்யாணத்தில் மாப்பிள்ளை காசிக்குக் கிளம்புகிற மாதிரி, திரும்பி வரத்தான் போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். ஏழாவது சீசனில் அந்தத் தொடரே நம் கேள்வியைக் கேட்டுவிட்டது. முதல் பெண்ணைத் தேர்ந்தெடுத்தது யார்? சில ஆண்கள். எப்படி? சங்கிலியால் கட்டிப் போட்டு, ஒரு பிசாசின் சக்தியை உள்ளே ஏற்றினார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஒரே ஒருத்தி என்ற விதியையே பஃபியும் அவள் தோழர்களும் உடைக்கிறார்கள், தகுதியுள்ள அத்தனை பெண்களுக்கும் சக்தி போகிறது. விதியை மீறவில்லை, அது யாரோ எழுதியது என்று கண்டுபிடித்துத் திருத்தி எழுதுகிறார்கள்.

உங்கள் நண்பர்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அவர்கள் அதைச் சொன்னார்களா தெரியாது, நான் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தால் தேர்ந்தெடுப்பது. 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்று ஆறாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிட்டு, பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன், அவன் வந்தால்தான் நாடு உருப்படும் என்ற கதையைக் கூச்சமில்லாமல் எழுத முடியாது, எழுதவும் கூடாது என்பது என் கருத்து. ஏழைப் பையன் கடைசியில் ராஜ ரத்தம் என்று வந்தால், அத்தனை நேரம் அவன் காட்டிய தைரியம் எல்லாம் அவனுடையது இல்லை என்று ஆகிவிடுகிறது, தாத்தா சொத்து. இந்த இழுவிசை எவ்வளவு பெரியது என்பதற்கு ஸ்டார் வார்ஸ் போதும்: 2017 படத்தில் ரே என்ற பெண்ணின் பெற்றோர் ஊர் பேர் தெரியாதவர்கள் என்று துணிந்து சொன்னார்கள், 2019 படத்தில் அவளைப் பேரரசனின் பேத்தி ஆக்கிவிட்டார்கள்.

அப்படியானால் ஏடு பொய் என்று ஒரு ட்விஸ்ட் வைத்துவிட்டால் என்ன என்று அடுத்துத் தோன்றும். தோன்றட்டும், ஆனால் அதுவும் இப்போது பழசு. 1999இல் வந்த தி மேட்ரிக்ஸ் மீட்பனைக் கொண்டாடியது, 2003இல் அதன் தொடர்ச்சி, அந்த மீட்பன் ஏற்பாடே மனிதர்களை அடக்கி வைத்திருக்கும் இயந்திர அமைப்பின் பாதுகாப்பு வால்வு, நீ ஆறாவது ஆள் என்றது. 2014இல் குழந்தைகளுக்கான தி லெகோ மூவியிலேயே ஆருடம் நானாகப் புனைந்தது என்று அதைச் சொன்ன கிழவர் ஒப்புக்கொண்டுவிடுகிறார். வாசகர் பொய்யை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கிறார். பொய்யா மெய்யா என்பது ஒரே ஒரு தடவை வெடிக்கும் வெடி. யார் எழுதினார், எதற்கு என்பது பக்கத்துக்குப் பக்கம் புகையும்.

சொல் விளையாட்டு பற்றியும் ஒரு வார்த்தை. இரணியன் வாங்கிய வரம் மாதிரி, பகலுமில்லை இரவுமில்லை, உள்ளுமில்லை வெளியுமில்லை என்று ஓட்டை வைத்து ஆருடம் எழுதுவது எல்லோருக்கும் பிடிக்கும். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் பெண் பெற்ற எவனாலும் உன்னைக் கொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆனால் மாக்பெத் இன்றைக்கும் நிற்பது அந்த சாமர்த்தியத்தால் இல்லை. நீ அரசனாவாய் என்று மட்டும்தான் சூனியக்காரிகள் சொன்னார்கள், கொலை செய் என்று சொல்லவேயில்லை, அது அவன் தலைக்குள்ளேயே இருந்தது. நான்கு வரியில் புதிர் வைப்பதற்கு மெனக்கெடும் நேரத்தில் பாதியை, அந்த நான்கு வரியைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குச் செலவழித்தால் போதும்.

சிலப்பதிகாரப் பதிப்புகளில் வரும் இளங்கோவின் கதை இங்கே உதவும். அரசவையில் ஒரு நிமித்திகன் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, முடிசூடும் இலக்கணம் இளையவனுக்குத்தான் இருக்கிறது என்று சொல்கிறான். மூத்தவன் செங்குட்டுவன் முகம் சிவக்கிறது. இளையவன் எழுந்து துறவு பூண்டு குணவாயிற் கோட்டத்துக்குப் போய்விடுகிறான், ஆருடம் அப்படியே காற்றில் நின்றுவிடுகிறது. இது வரலாறா, பின்னால் சேர்த்ததா என்பது அறிஞர்களின் சண்டை, நான் அதில் இறங்கவில்லை. கதையாக எடுத்துக்கொண்டால், கிரேக்கத்தில் ஆருடத்திலிருந்து ஓடுகிறவன் நேராக அதன் வாயில் போய் விழுவான், இங்கே ஒருவன் வேண்டாம் என்று எழுந்து போகிறான், போகவும் முடிகிறது. இந்த வழியை நாவலில் முயன்றவர்களை என்னிடம் வந்த பிரதிகளில் நான் பார்க்கவில்லை.

ஆகவே தூக்கிப் போட வேண்டாம். தழும்பு இருக்கட்டும், ஏடும் இருக்கட்டும். நூறு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள், ஏடு கிடைத்த பிறகு அவள் எத்தனை வாக்கியத்தில் எழுவாயாக இருக்கிறாள் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை சரிந்திருந்தால் நண்பர்களுக்குச் சலித்தது அதுதான், அவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் பழசு என்று சொல்லியிருக்கிறார்கள். ஏட்டை எழுதியவருக்கு ஒரு பெயர் வையுங்கள், நாவலில் வராவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்காக. அவர் எந்த இருட்டைப் பார்த்தார், அதைத் தடுத்தால் அவருக்கு என்ன மிஞ்சும், தடுக்கிறவள் தடுத்த பிறகு என்ன ஆவாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்தே அந்த ஐந்தாவது வரியை எழுதாமல் விட்டாரா? இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் நீங்கள் எழுதுவது ஃபேன்டசியா ஹாரரா என்பதே முடிவாகும், அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கதைச்சுருக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் அரை வரியில் தாண்டிப் போன இடம். ஏடு கிடைப்பது பதினாறாவது வயதில், ஆனால் அம்மா அந்தத் தழும்பின்மேல் துணியைக் கட்ட ஆரம்பித்தது குழந்தையிலேயே. அப்படியென்றால் அவளுக்கு முன்பே ஏதோ தெரியும். முதன்முதலில் அந்தத் துணியைக் கிழித்து முடிச்சுப் போட்ட அன்றைக்கு அவள் யாரிடமிருந்து மறைத்தாள், இருட்டிடமிருந்தா, ஏட்டை வைத்திருந்தவர்களிடமிருந்தா? அந்தக் காட்சியை முதலில் எழுதிப் பாருங்கள்.